லேசா மேலு காயுது

நான் கணக்கு டீச்சர். கேள்வி கேட்டால் பதில் வரவேண்டும், அதுவும் ஒரே பதில்தான் வரவேண்டும் என்று பழகிப்போனவள். எனக்கு வாய்த்தவரோ அனுமந்தன்பட்டியில் நெல் போடுகிறவர். கல்யாணமான புதிதில், அறுப்புக்குக் கொஞ்ச நாள் முன்னால், இரண்டு பேரும் வரப்பில் நின்றுகொண்டிருந்தோம். கதிரெல்லாம் பாரம் தாங்காமல் தலை சாய்ந்து கிடந்தது. தேனி பஜாரில் கடைக்காரர் மகளாக வளர்ந்த நான் அப்படியொரு விளைச்சலைப் பார்த்ததே இல்லை. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று, "வெள்ளாம எப்படி?" என்று கேட்டார். இவர் வயல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏதோ கெடக்குண்ணே" என்றார்.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். "வாய் கூசாம எப்படிப் பொய் சொல்றீங்க?"

"பொய்யில்ல டீச்சர். நல்லாருக்குன்னு வாயால சொன்னா கண்ணு பட்டுரும்ல."

அவர் மட்டுமல்ல, அவருடைய அம்மாவும் அப்படித்தான். அந்த வீட்டில் விளையாமல் போனால்தான் வாய் திறக்கும். அணையில் தண்ணீர் இல்லாத வருடம், புகையான் பூச்சி விழுந்த வருடம் எல்லாம் தெருவே கேட்கும்படி புலம்புவார்கள். நன்றாக வந்துவிட்டால் ஆளுக்கொரு 'ஏதோ கெடக்கு'. நானும் பல வருடம் திட்டிப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தால் நான் செத்தே போயிருப்பேன்.

கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வலியில்லை. கரும்பலகையில் எழுதும்போது சேலைத் தலைப்பு அதன்மேல் உரசும், அவ்வளவுதான். எடுத்துச் சோதித்ததில் லிம்போமா என்றார்கள், நிணநீர்ப் புற்று. கீமோ கொடுத்தார்கள், முடி கொட்டியது, கட்டி கரைந்தது. முடி முளைப்பதற்குள் கட்டி திரும்பி வந்துவிட்டது. வேறு மருந்து கொடுத்தார்கள். அதற்கு அது அசையவே இல்லை. அன்று இவர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு அவருடைய அம்மாவுக்குப் போன் போட்டு, "கெட்டுப் போச்சு ஆத்தா, மருந்து கேக்க மாட்டேங்குது" என்று சத்தம் போட்டு அழுதார். ஆட்டோக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகைகூட வரவில்லை. உட்கார ஒரு இடம் கிடைத்தால் போதும் என்று இருந்தது.

நோயைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், நோயாளியாக இருப்பதுதான் அலுப்பு. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வருவார்கள். வந்து, அவரவர் ஊரில் இதே நோயில் போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டு, "நீ தைரியமா இரு" என்று முடிப்பார்கள். ஒருவர் கழுதைப்பால் குடிக்கச் சொன்னார். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. ஆகவே பேச்சுத் துணைக்கும் சண்டைத் துணைக்கும் நானும் இவரும்தான். கடைசியில் சண்டை போடுகிற தெம்பும் எனக்குப் போய்விட்டது. அதில்தான் இவர் பயந்துபோனார்.

அப்போதுதான் அந்த ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். நம் ரத்தத்திலேயே இருக்கிற எதிர்ப்பு செல்களை எடுத்து, புற்றை அடையாளம் கண்டு அடிக்கும்படி மாற்றி, நமக்கே திருப்பி ஏற்றுவது. அந்த வைத்தியம் ஏற்கெனவே இருக்கிறதுதான். ஆனால் வெளியே வைத்து அந்த செல்களைப் பெருக்கி எடுக்க வாரக்கணக்கில் ஆகிவிடும். என்னைப் போன்றவர்களுக்கு அதற்குள் நோய் முந்திக்கொள்ளும். இந்தப் புது முறையில் செல்களை மாற்றிய கையோடு, பெருக்காமலே, இரண்டு நாளில் வேலையை முடித்துவிடுவார்களாம். கொஞ்சமாகத்தான் இருக்கும். உடம்புக்குள் போன பிறகு அவை தாமாகப் பெருகிக்கொள்ள வேண்டும்.

"ரெண்டு நாள்ல செஞ்சா ரெண்டு நாள்ல ஏத்திருவீங்களா?" என்று கேட்டேன்.

டாக்டரம்மா சிரித்தார். "செய்யத்தான் ரெண்டு நாள். செஞ்சது சுத்தமா இருக்கா, சரியா இருக்கான்னு பரிசோதிக்க அதைவிட அதிக நாள் ஆகும். இது ஆராய்ச்சிம்மா. பலன் இருக்கும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது."

அவர் வாக்குக் கொடுக்காதது எனக்குப் பிடித்திருந்தது. இவர்தான் எதையோ யோசித்துக்கொண்டே இருந்தார். திடீரென்று, "எளநாத்தா நடுறாக போல" என்றார். டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. "இல்லம்மா, நாத்தங்கால்லயே விட்டு முத்த விட்டா, நட்ட பெறகு தூரு கட்டாதுல்ல. எளசா நட்டா வயல்ல போயி ஒத்த நாத்து பத்தா வெடிச்சுப் பெருகும்." டாக்டரம்மா தலையை ஆட்டி வைத்தார். எனக்கு எரிச்சல். என் உயிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது இந்த மனிதர் நாற்று நடப் போய்விட்டார். ஆனாலும் அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் அதன் பெயர் நாற்றுதான்.

செல் எடுக்கிற அன்று பாதிப் பகல் படுக்கையில் கிடந்தேன். ஒரு கை வழியாக ரத்தம் மெஷினுக்குப் போய், வேண்டியதைக் கொடுத்துவிட்டு இன்னொரு கை வழியாகத் திரும்பி வந்தது. உதடு சுர்ரென்று மரத்தது. அதற்குச் சுண்ணாம்புச் சத்து ஏற்றினார்கள். மூக்கு அரித்தால் சொறியக் கை கிடையாது, இவர்தான் சொறிந்துவிட்டார். எடுத்ததை விமானத்தில் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் இன்றுவரை விமானத்தில் ஏறியதில்லை.

திரும்பி வந்தபோது அது ஒரு சின்னப் பை. ஊறுகாய் பாக்கெட் அளவுக்குக்கூட இல்லை. அதற்கு முன்னால் மூன்று நாள் கீமோ கொடுத்து இடத்தைக் காலி செய்திருந்தார்கள். நர்ஸ் பையை மாட்டினார். நான் கண்ணை மூடி ஏதாவது ஒரு சாமியை நினைக்கலாம் என்று ஆரம்பிப்பதற்குள் ஏறி முடிந்துவிட்டது. அறை முழுக்கப் பூண்டு வாடை அடித்தது. செல்லைக் கெடாமல் வைக்கிற மருந்தின் வாடையாம். "ரசம் வச்ச மாதிரி இருக்கு" என்றார் இவர்.

அதன்பிறகு கொஞ்ச காலம், ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கவேண்டும் என்பது ஆராய்ச்சியின் விதி. அனுமந்தன்பட்டி அந்தக் கணக்குக்குள் வரவில்லை. தேனி அல்லிநகரத்தில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்தோம். கீழே வீட்டுக்காரர் குடியிருந்தார். விடிந்தால் பஸ் ஹாரன், பொழுது சாய்ந்தால் பஸ் ஹாரன். ஆனி மாதக் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டே இருந்தது. ஊரில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். எங்கள் நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. "போய்ட்டு ஒரு நடை பாத்துட்டு வாங்க" என்று நான் சொன்னாலும் இவர் போகவில்லை. நோயாளியைத் தனியாக விடக்கூடாது என்பதும் விதி.

காய்ச்சலைப் பற்றித்தான் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். உள்ளே போன செல்கள் பெருகிப் புற்றோடு மோதும்போது காய்ச்சல் வரலாம், அது மளமளவென்று ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். மூளையைக் குழப்பலாம். நூறு டிகிரியைத் தாண்டினால் உடனே போன் பண்ண வேண்டும், உடனே கிளம்பி வரவேண்டும். இந்த முறையில் செல் நிதானமாகப் பெருகுவதால் காய்ச்சல் தாமதமாகவும் வரலாம் என்றார் டாக்டரம்மா. "காய்ச்சல் வந்தாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தமில்லை, வராமலும் சரியாகலாம்" என்று அழுத்திச் சொன்னார். அதை மட்டும் நாங்கள் நம்பவில்லை. எங்களுக்கு முன்னால் இதே சிகிச்சைக்கு வந்த ஜெயமங்கலத்துக்காரர் ஒருவருக்கு முதல் வாரத்திலேயே காய்ச்சல் கொளுத்தியது, அவர் தேறியும் விட்டார். காய்ச்சல் வந்தால் நாற்று பிடித்துவிட்டது என்று நாங்களாக முடிவு கட்டிக்கொண்டோம்.

எனக்குக் காய்ச்சல் வரவில்லை. காலையும் மாலையும் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் போன் பண்ணுவார். சென்னைப் பக்கத்துப் பெண், நல்ல பெண். காய்ச்சல் எவ்வளவு என்று கேட்பார். பிறகு நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்துக்கொண்டு வரச் சொல்வார், மூளை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க. கணக்கு டீச்சரிடம்! ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நான் ஒப்பிப்பேன். ஒரு நாள் கோபத்தில் பதினேழு பதினேழாகக் குறைத்துக்கொண்டே போனேன். அந்தப் பெண் பயந்துபோய் டாக்டரிடம் போனைக் கொடுத்துவிட்டது.

தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து எடுக்கிற ஒவ்வொரு தடவையும் நார்மல். நார்மல் என்றால் தோல்வி என்றுதான் எனக்குப் பட்டது. நாட்கள் போகப் போக அந்தக் குச்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு நாள் காலையில் நார்மல் பார்த்த கையோடு, "இனி இதை என்கிட்ட கொண்டு வராதீங்க" என்று கத்தினேன். சத்தம் போட எனக்குத் தெம்பு வந்ததே என்று சந்தோஷப்பட்ட இவர், அதை எடுத்துக் கொண்டுபோய் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

அன்றைக்கே மத்தியானம் உடம்பு சுட ஆரம்பித்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. இவர் நெற்றியில் கை வைத்தார், கழுத்தில் வைத்தார், பாதத்தில் வைத்தார். போய் ஜன்னலோரம் நின்றார். அந்த முகம் எனக்குத் தெரியும். வரப்பில் நின்றபோது பார்த்த அதே முகம்தான். பிறகு நர்ஸுக்குப் போன் போட்டார். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், ஆகவே அரைத் தூக்கத்தில் எனக்கும் கேட்டது.

"என்ன சார், ஃபீவர் ஏதாவது?"

"காய்ச்சலெல்லாம் இல்லம்மா. ஏதோ லேசா மேலு காயுது."

எங்கள் பக்கத்தில் மேல் என்றால் உடம்பு. மேல் காயுது என்றால் உடம்பு சுடுகிறது. அந்தச் சென்னைப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

"ட்ரை ஆகுதா சார்? கீமோவுக்கு அப்படித்தான் ஆகும், பயப்படாதீங்க. தேங்காய் எண்ணெய் தடவுங்க. தண்ணி நிறைய குடிக்கச் சொல்லுங்க. டெம்பரேச்சர் நார்மல்தானே?"

"காலைல நார்மல்தாம்மா."

உடம்புச் சூட்டுக்கு எண்ணெய் வைப்பதும் தண்ணீர் குடிப்பதும் எங்கள் வீடுகளில் உள்ளதுதான். ஆகவே இவருக்குச் சந்தேகமே வரவில்லை. "பெரிய ஆஸ்பத்திரியிலயும் நம்ம வைத்தியம்தான் சொல்றாக பாரு" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு எண்ணெய்ப் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தார். கைக்கும் காலுக்கும் முதுகுக்கும் தடவினார். வீடெல்லாம் தேங்காய் எண்ணெய் மணந்தது. நான் உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தேன். ஏதோ தப்பு நடக்கிறது என்று தெரிந்தது, ஆனால் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல அலுப்பாக இருந்தது. அந்த அலுப்பை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. அப்படியே தூங்கிப்போயிருப்பேன்.

சாயந்தரம் வழக்கமான நேரத்துக்கு முன்னாலேயே நர்ஸ் கூப்பிட்டார். "ஸ்கின் இப்ப எப்படி சார் இருக்கு?"

"தோலுக்கு என்னம்மா, தோலு நல்லாத்தான் இருக்கு. தடவுன எண்ணெதான் கொதிக்குது."

"கொதிக்குதா? எப்படி சார்?"

"மேலு காயுதுன்னு அப்பவே சொன்னேன்லம்மா."

"காயுதுன்னா ட்ரைனு சொன்னீங்கன்னு நெனச்சேன் சார். ஃபீவரா சார்? காய்ச்சலா இருக்கா?"

இவர் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். என்னைப் பார்த்தார். அந்த வார்த்தையை வாயால் சொல்லிவிட்டால் வந்த நாற்று கருகிவிடும் என்று அந்த மனிதர் மத்தியானத்திலிருந்து பொத்திப் பொத்தி வைத்திருந்திருக்கிறார். கடைசியில் குரல் உடைந்து, "ஆமாம்மா, காய்ச்சல்தான்" என்றார். அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து தெர்மாமீட்டரைத் தேடி எடுத்து வைத்தபோது நூற்று மூன்றைத் தாண்டியிருந்தது. "உடனே கிளம்புங்க, இந்த நிமிஷமே" என்று அந்தப் பெண் போனில் அழாத குறையாகக் கத்தியது.

கீழ்வீட்டுக்காரர் தன் காரை எடுத்தார். எண்ணெய்ப் பிசுக்கோடு என்னைப் பின் சீட்டில் கிடத்தினார்கள். ஆண்டிபட்டிக் கணவாயில் கார் வளைந்து வளைந்து ஏறும்போது என் தலை இவர் மடியில் உருண்டது. "கேட்டாகல்ல, காய்ச்சலான்னு கேட்டாகல்ல, நான் வாயத் தொறந்து சொல்லல" என்று இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். திட்ட வேண்டும் என்று நினைத்தேன். நாக்கு புரளவில்லை. சாகப்போகிறோம் என்று எனக்கு முதல்முறையாக நிச்சயமாகத் தோன்றியது அப்போதுதான். இவ்வளவு நாள் வேண்டும் வேண்டும் என்று கேட்ட காய்ச்சலாலேயே சாகப்போகிறோம் என்று கோபம் கோபமாக வந்தது.

டாக்டரம்மா தயாராக நின்றார். ஊசி, குளுக்கோஸ், ஆக்ஸிஜன் என்று எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. அந்த வேகத்திலும் என் முகத்தருகே குனிந்து கேட்டார். "நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைச்சுச் சொல்லுங்க டீச்சர்."

"நூறு" என்றேன். "தொண்ணூறு. எண்பது."

அதற்கு அடுத்தது வரவில்லை. எண்பதுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. துடைத்த கரும்பலகை மாதிரி இருந்தது. டாக்டரம்மாவின் தோளுக்குப் பின்னால் இவர் நின்றிருந்தார். சத்தம் வராமல் வாயை அசைத்தார். எழுபது. எழுபது. பரீட்சை ஹாலில் பின் பெஞ்சுக்காரன் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. என் வகுப்பில் இப்படிச் செய்கிறவனை வெளியே அனுப்பியிருப்பேன். நான் அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது என்ன எண் என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த செல்களின் வேகத்தை அடக்குகிற மருந்துகள் கொடுத்தார்கள். சில நாட்கள் எனக்குக் கணக்கில் இல்லை. நடுவில் ஒரு நாள் காலையில் கண் விழித்தபோது இவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். "எழுபது" என்றேன். திடுக்கிட்டு எழுந்தார். "அறுபது, அம்பது" என்று பூஜ்யம் வரை போனேன். என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த நர்ஸ் பெண் என்னைப் பார்க்க வந்தபோது மன்னிப்புக் கேட்டு அழுதது. நான் அதைத் திட்டவில்லை. எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும் அதே தப்பைச் செய்திருக்கும். இப்போதெல்லாம் எங்கள் பக்கத்திலிருந்து யார் போன் பண்ணினாலும் அந்தப் பெண், எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லையாம். தெர்மாமீட்டரில் என்ன எண் தெரிகிறது, அதை மட்டும் படியுங்கள் என்றுதான் கேட்கிறதாம்.

பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். பழைய படத்தில் கழுத்திலும் நெஞ்சிலும் வயிற்றிலும் விளக்குப் போட்ட மாதிரி எரிந்த இடங்கள் புதுப் படத்தில் அணைந்திருந்தன. "இது முதல் ஸ்கேன்தான்" என்றார். "இன்னும் பார்க்கணும். திரும்ப வராதுன்னு நான் சொல்லமாட்டேன்." சரி என்றேன். சந்தோஷம் பொங்கி வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. ரொம்ப தூரம் நடந்துவிட்டுச் செருப்பைக் கழற்றுகிற மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் போல இருந்தது.

வாசலுக்கு வந்தோம். அன்று அழுதாரே, அதே இடம்தான். இவர் போனை எடுத்து அவருடைய அம்மாவைக் கூப்பிட்டார். வழக்கம்போல ஸ்பீக்கர்.

"ஏலே, ஆஸ்பத்திரியில என்ன சொன்னாக? எப்படி இருக்கா?"

இவர் என்னைப் பார்த்தார். நல்லாயிட்டா என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. வேண்டாம், வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏதோ கெடக்கா ஆத்தா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"சரிலே," என்றார் என் மாமியார். "வெளிய யார்ட்டயும் சொல்லிக்கிராத."